தகடு சுழல்கிறது, படம் வரவில்லை

கல்யாணத் தகடு, காதுகுத்துத் தகடு, ஊரிலிருந்த பாட்டியின் குரல் பதிந்த தகடு என்று, சௌல்தாரியில் தமிழர் வீட்டு அலமாரிகளில் ஒரு கட்டேனும் இருக்கும். சென்னையிலிருந்து கடலடி வடம் அந்தமானை எட்டிச் சேவை தொடங்கியது 2020 ஆகஸ்டில்தான். அதற்கு முன், செயற்கைக்கோள் வழியே சொட்டுச் சொட்டாய் வந்த இணையத்தில் ஒரு கல்யாணப் படம் வந்து சேருமா? கப்பலில் வந்த தகடே நமக்குத் தபால்.

இன்று அத்தகடுகளைக் கணினியில் இட்டால் சுழல்கிறதேயன்றிப் படம் வருவதில்லை என அன்பர்கள் முறையிடுகின்றனர். “லினக்ஸ் போட்டிருக்கிறீர்கள், அதனால்தான்” என்று கடைக்காரர் கூறிவிடுகிறாராம். இது அவசரத் தீர்ப்பு.

வண்டி வரவில்லையென்றால், முந்தைய நிலையத்தை விட்டுப் புறப்பட்டதா என்று முதலில் விசாரிப்பது இரயில்வே வழக்கம். (தண்டவாளமே இல்லாத தீவில் இதைச் சொல்வதற்கு வாசகர் பொறுத்தருள்க.) இங்கும் அம்முறையே. டெர்மினலைத் திறந்து, எல்-எஸ்-பி-எல்-கே என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளை இடுங்கள். வரும் பட்டியலில் ‘எஸ்ஆர்0’ என்ற பெயர் இருந்தால் கணினி டிரைவை அறிந்திருக்கிறது. இல்லையேல் பெரும்பாலும் கம்பி தளர்ந்திருக்கும். வெளியே செருகும் டிரைவாயின் வேறு யுஎஸ்பி இணைப்பில் செருகிப் பாருங்கள். மின்சாரம் போதாமல் முனகுவனவும் உண்டு.

பெயர் இருந்தும் தகடு திறவாவிடில், டி-எம்-இ-எஸ்-ஜி என்னும் கட்டளையை நிர்வாகி உரிமையுடன் இடுங்கள். அது கணினியின் நாட்குறிப்பு. ‘ஐ/ஓ எரர்’ என அடுக்கடுக்காக வந்தால் லென்ஸோ தகடோ பழுது. வேறொரு தகட்டை இட்டால் எது என்பது விளங்கும். சிடி ஓடி, டிவிடி மட்டும் ஓடாதிருப்பதும் உண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர் ஒளி, டிவிடிக்கு 650. ஒன்று மங்கினும் மற்றது பிழைத்திருக்கும். தகட்டைத் துடைப்போர் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவின் போக்கிலேயே ஓடி, தொடர்ச்சியாகப் பலவற்றை அழித்துவிடும்.

கடைக்காரர் சொல்லில் உண்மை உள்ள இடமும் ஒன்றுண்டு. விலைக்கு வாங்கிய திரைப்பட டிவிடிகள் பலவற்றில் மறைகுறிப் பூட்டு இருக்கிறது. அதைத் திறக்கும் நிரலைச் சட்டச் சிக்கல் கருதிப் பல லினக்ஸ் பதிப்புகள் உடன் தருவதில்லை. கல்யாணத் தகட்டில் அப்பூட்டு இராது.

பாட்டியின் குரல் பாட்டுச் சிடி முறையில் பதிந்திருந்தால் அதில் கோப்புகளே இல்லை. ‘மவுண்ட்’ கட்டளை பிழை கூறும், அது பழுதன்று. ‘சிடிபாரனோயா’ என்னும் நிரல் கொண்டு ஒலியாகவே எடுக்கலாம். இதை அறியாமல் நல்ல தகட்டைக் குப்பையில் இட்டோர் உண்டோ என்று நினைக்கவே நமக்கு மனம் பதைக்கிறது.

கீறல் விழுந்த படத் தகட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டா. ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் நிரல் நல்ல பகுதிகளை முதலில் படியெடுத்து, மறுத்தவற்றைப் பின்னர் முயலும்; உபுண்டுவில் அதன் பொதிப்பெயர் ‘ஜிடிடிரெஸ்க்யூ’. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்புக் கோப்பும் எழுதி வைக்கும். நம் டிரைவ் படிக்க மறுத்ததை அடுத்த வீட்டு டிரைவ் படிப்பதுண்டு. படியையும் குறிப்புக் கோப்பையும் உடன் கொண்டு சென்றால், விடுபட்ட இடங்களை மட்டுமே அது தேடும். எடுத்த படியை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று ஊரிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும்.