காசில்லாத கிளினிக், நேரமில்லாத சனம்

"நல்ல தோல் டொக்டர் ஆர்? எங்க சனல் பண்ணலாம்?" கம்பஸில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் காசும் வேண்டாம், காப்புறுதி அட்டையும் வேண்டாம். ஆனால் அது பெரும்பாலும் காலையில்தான். நாட்கூலிக்குப் போறவர் அந்த வரிசையில் நின்றால் அன்றைய சம்பளம் போச்சு. பின்னேரம் அதே டொக்டரைத் தனியாரில் பார்க்கவும் காசு வேணும். கடைசியில் பார்மசியில் ஏதோவொரு ஸ்டீரொயிட் கிறீமை வாங்கிப் பூசுறார்.

உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் தொழுநோயாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து இலவசம், முற்றாகக் குணமாகும். பிந்தினால் நரம்பு பழுதாகும், விரல் மடங்கும்.

கிழமையில் ஒரு நாளாவது பின்னேரக் கிளினிக் வேணும். வேலைக்குப் போற சனமும் வரக்கூடிய நேரத்தில் திறந்தால்தான் அது இலவசம்.