முதல் கசிவை யார் எண்ணுவது?

கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகள் குமுளி மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. அதில் போகும் முப்பது வயதுப் பெண் ஒருவருக்கு ஒருநாள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முந்தானையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அன்றைய வேலையை முடித்துவிடுவார். மறுநாள் கன்னம் மரத்துப்போகும், நடை ஒரு பக்கம் தள்ளும். தலைச்சுற்றலுக்கு ஒரு ஊசி, கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஒரு கழுத்துப்பட்டை, கண்ணாடிக் கடைக்கு ஒரு நடை. சில வாரங்களில் பெரும்பகுதி தானாகவே தணிந்துவிடும். அவர் மறுபடியும் ஜீப் ஏறிவிடுவார். மூளைத்தண்டு கேவர்னோமாவின், அதாவது அங்கே பிறழ்ந்து கொத்தாகக் கிடக்கும் ரத்தக்குழாய்க் கட்டியின், முதல் ரத்தக் கசிவு நம் பள்ளத்தாக்கில் இப்படித்தான் யார் கணக்கிலும் சேராமல் போகிறது.

அறுவை செய்வதா வேண்டாமா என்ற முடிவு இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. 2017இல் வெளியான ஆஞ்சியோமா அலையன்ஸ் வழிகாட்டுதல், மூளைத்தண்டில் அறிகுறியோடு இரண்டாவது முறை கசிந்தபின் அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஒரே கசிவில் கடும் பாதிப்பு வந்தவருக்கும் செய்யலாம், ஆனால் அதற்கான சான்று இன்னும் மெலிந்தது என்கிறது. முதல் கசிவை யாரும் எழுதி வைக்காவிட்டால் இரண்டாவது கசிவு முதலாவதாகிவிடும். மூன்றாவது வரும்வரை நோயாளியைக் காத்திருக்கச் சொல்லுவோம். 2016இல் லான்செட் நியூராலஜியில் வந்த, 1,620 பேரின் விவரங்களைத் திரட்டிய ஆய்வைப் பாருங்கள். கசிவோ நரம்புக் குறைபாடோ இல்லாமல் கண்டறியப்பட்ட மூளைத்தண்டு கேவர்னோமா ஐந்தாண்டுகளில் கசியும் வாய்ப்பு 8 சதவீதம். ஏற்கெனவே அப்படி வெளிப்பட்டிருந்தால் 30.8 சதவீதம். எந்தப் பட்டியலில் இவரைச் சேர்ப்பது என்பதை க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அதற்கும் முன்னால் கம்பம், போடி, உத்தமபாளையம் மருத்துவமனைகளிலோ எழுதப்படும் ஓ.பி. சீட்டுதான் தீர்மானிக்கிறது.

இந்த அறுவை தேனியில் நடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா போன்ற, நரம்பறுவையில் நீண்ட அனுபவம் உள்ள இடங்களில் சில கைகளிடம் இது குவிந்திருப்பதே நல்லது. நான் கேட்பது அறுவைக்கு முந்தைய வேலையை.

மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் ரத்தம் என்று சி.டி. ஸ்கேன் சொன்னதும் உயர் ரத்த அழுத்தம் என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அழுத்தத்தால் பான்ஸில் பெரிதாக ரத்தம் கசிந்தவர் பெரும்பாலும் நினைவிழந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி வருவார். கேவர்னோமாக்காரர் நடந்து வருவார், பேசுவார். மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கூடிய குறைகளை அவரே வரிசையாகச் சொல்லுவார். இளவயது, அழுத்தம் சரியாக இருக்கிறது, முகம் ஒரு பக்கம், கைகால் மறுபக்கம் என்றால் எம்.ஆர்.ஐ. இல்லாமல் அனுப்பிவிடக் கூடாது. எடுக்கும்போது எஸ்.டபிள்யூ.ஐ. அல்லது கிரேடியன்ட் எக்கோ படம் சேர்ந்திருக்க வேண்டும். குடும்பத்தில் பலருக்கு வரும் வகையில் மற்ற இடங்களில் உள்ள சிறு புள்ளிகள் அதில்தான் தெரியும். ஆனால் அந்தப் படம் கட்டியை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். மூளைத்தண்டின் மேற்பரப்பை அது தொடுகிறதா என்பதை டி1 படத்தில்தான் பார்க்க வேண்டும். எந்தப் பக்கமிருந்து நுழைவது என்று அறுவை மருத்துவர் முடிவெடுப்பது அதை வைத்துத்தான்.

தவறான பெயர்களில் எனக்கு அதிகம் கவலை தருவது காசநோய்க் கட்டி. காசநோய் மருந்தோடு கொடுக்கும் ஸ்டீராய்டில் வீக்கம் வடிந்து நோயாளி தேறுவார். காசநோய் மருந்து வேலை செய்கிறது என்று நாம் நம்பிவிடுவோம். ஆஸ்பிரினைப் பற்றியும் ஒரு வார்த்தை: ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் கேவர்னோமாவில் கசிவைக் கூட்டுகின்றன என்பதற்கு இதுவரை சான்று இல்லை. பக்கவாதம் என்று முத்திரை குத்தி, ஆஸ்பிரின் எழுதி, மேற்கொண்டு தேடாமல் விடுவதுதான் கெடுதல்.

அடுத்தது காலம். லாட்டன் குழுவினர் 2015இல் வெளியிட்ட தரவரிசையில் கட்டியின் அளவு, நடுக்கோட்டைத் தாண்டுகிறதா, அருகில் வளர்ச்சிப் பிறழ்வுச் சிரை இருக்கிறதா, வயது ஆகியவற்றோடு கசிந்து எத்தனை நாளாயிற்று என்பதும் சேர்கிறது. 3 வாரத்துக்குள் என்றால் புள்ளி இல்லை; 3 முதல் 8 வாரம் 1; 8 வாரம் கடந்தால் 2. புள்ளி ஏற ஏற அறுவையின் பலன் குறையும். புதிய ரத்தக்கட்டி கட்டியைச் சுற்றி ஓர் இடைவெளியை உண்டாக்கித் தருகிறது. நாளானால் தழும்பும் சுண்ணமும் சேர்ந்து அது ஒட்டிக்கொள்ளும். கம்பத்திலிருந்து மதுரைக்குப் போவதா, குமுளி ஏறி முண்டக்கயம் வழியாகக் கோட்டயத்துக்குப் போவதா என்று குடும்பம் பேசி முடிப்பதற்குள், காப்பீட்டு அட்டையில் பெயர் திருத்துவதற்குள் எட்டு வாரம் ஓடிவிடுகிறது. பரிந்துரைச் சீட்டில் அறிகுறி தொடங்கிய தேதியை முதல் வரியாக எழுதுங்கள். ஃபிலிம் போதாது, படங்கள் முழுவதும் உள்ள குறுந்தகட்டைக் கையில் கொடுங்கள். போகிற இடத்துக்கு ஒரு போன் செய்யுங்கள்.

அந்த அறுவையில் என்ன நடக்கிறது என்று அனுப்புகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான்காம் வென்ட்ரிக்கிளின் தரை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே விரிகிறது. பழைய ரத்தம் தங்கிய இடத்தில் மஞ்சளோ கருநீலமோ பூத்த ஒரு மேடு. முகநரம்பு வளையும் மேட்டில் கத்தி வைக்க முடியாது. 1993இல் கியோஷிமாவும் கோபயாஷியும் விவரித்த, அதற்கு மேலும் கீழும் உள்ள இரு முக்கோணங்கள்தான் வழி. அதையும் மின்தூண்டலால் உறுதிசெய்துகொண்டு, சில மில்லிமீட்டர் மட்டும் பிளந்து, கட்டியை உள்ளிருந்தே துண்டு துண்டாக எடுக்கிறார்கள். பக்கத்தில் உள்ள வளர்ச்சிப் பிறழ்வுச் சிரையைத் தொடுவதில்லை. அந்த இடத்தின் ரத்தம் வடிவது அதன் வழியேதான். துணுக்கு மிஞ்சினால் மறுபடி கசியும்: 2013இல் கிராஸ் குழுவினர் தொகுத்த 1,390 அறுவைகளில், மிச்சம் விடப்பட்டவர்களில் 62 சதவீதத்தினருக்குக் கசிந்திருக்கிறது.

அதே தொகுப்பில், அறுவை முடிந்த கையோடு 45 சதவீதத்தினருக்குப் புதிதாகவோ கூடுதலாகவோ குறைபாடு வந்திருக்கிறது. கடைசிக் கணக்கில் மோசமானவர்கள் 16 சதவீதம், அறுவை தொடர்பான இறப்பு 1.5 சதவீதம். இந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் உள்ள மாதங்களை நோயாளி கழிப்பது பெருநகர மருத்துவமனையில் அல்ல, சின்னமனூரிலோ கோம்பையிலோ தன் வீட்டுத் திண்ணையில். விழுங்க முடியாதவருக்கு மூக்குக் குழாய் வழியாகக் கேப்பைக் கூழை எவ்வளவு நீர்க்கக் கரைத்து ஊற்றுவது, படுக்கவைத்து ஊற்றக் கூடாது, தொண்டைக் குழாயில் சளி அடைத்தால் என்ன செய்வது, மூடாத கண்ணில் இரவில் எந்தக் களிம்பு என்பதையெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரி தமிழில் சொல்ல வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே போகிறார்கள். அவர்களுக்கும் ஒரு பிரதி போகட்டும். விழுங்கும் பயிற்சி இல்லாமல் நிமோனியாவில் இறப்பவரை அறுவையின் தோல்வியாக எழுதுவது நியாயமில்லை.

அறுவை வேண்டாம் என்று முடிவானவரையும் கைவிட்டுவிடக் கூடாது. அறுவையா கண்காணிப்பா என்பதைச் சீட்டுக் குலுக்கல் முறையில் ஒப்பிட முடியுமா என்று பார்த்த கேர் முன்னோட்ட ஆய்வு 2024இல் வெளிவந்தது. விடை சொல்லும் அளவுக்கு அது பெரிதல்ல. விடை சொல்லும் ஆய்வு வரும்வரை நமக்கு நம் பதிவுகள்தான் துணை. ஆகவே தேனி, பெரியகுளம், போடி, உத்தமபாளையம், கம்பம் பகுதி மருத்துவர்களிடமிருந்து மூளைத்தண்டுக் கசிவு நோயாளிக் குறிப்புகளை வரவேற்கிறோம். பெயர் வேண்டாம், அறுவை நடந்திருக்க வேண்டியதும் இல்லை. முதல் அறிகுறியின் தேதியும், டி1, எஸ்.டபிள்யூ.ஐ. படங்களும், ஆறு மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்ற நான்கு வரியும் இருந்தால் வெளியிடுவோம்.