காலடியும் கப்போர்டும்



ஆங்கில வகுப்பில் என் தோழி ஒருத்தி பாடம் வாசிக்கும்போது 'கப்-போர்டு' என்று இரு பாதிகளையும் ஒரே பலத்துடன் உச்சரித்தாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்று முதல் அவள் வாசிக்க எழுவதே இல்லை. அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவள் எழுத்தைப் பார்த்து முறையாகத்தான் பிரித்தாள். ஆனால், ஆங்கிலக் கூட்டுப் பெயர்ச்சொற்களில் பெரும்பாலும் முதற்பகுதி அழுத்தம் பெறும், பின்பகுதி மெலியும். இச்சொல்லிலோ 'பி' என்னும் எழுத்தின் ஒலியே மறைந்து, 'கபட்' என்பதுபோல் ஒலிக்கும். அழுத்தம் பொருளையும் மாற்றும். 'பிளாக்போர்டு' என்று முன்பகுதியை அழுத்தினால் வகுப்பறைக் கரும்பலகை. இரு சொற்களாக்கிப் பின்பகுதியை அழுத்தினால் கறுப்பு நிறமுள்ள ஏதோ ஒரு பலகை!

தமிழில் குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கொண்டே அசை பிரிக்கிறோம். கா-லடிப்-பேட்-டை: நேர், நிரை, நேர், நேர். எந்த அசையை ஓங்கி உரைத்தாலும் சொல்லின் பொருள் மாறாது. ஆகவே அழுத்தத்தைத் தேட நம் செவி பழகவில்லை. இது பழக்கக் குறைவேயன்றி அறிவுக் குறைவு அன்று.

நம் ஊர்ப் பெயரையே பாருங்கள்! 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலட். அவர் நெசவாளரைக் குடியமர்த்திய 'காலட் பேட்டை'யே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. தெரியாத ஒலியைத் தெரிந்த சொல்லாக்கிக்கொண்டனர். 2021-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ப்பலகையும் மக்கள் சொன்னபடியே இருக்கிறது. இதைக் கண்டு யாரும் சிரிப்பதில்லையே!

அப்படியானால் தவறாகவே பேசலாமா? கூடாது. நல்ல ஆங்கிலம் கற்கவேண்டும் என்றுதான் நம் பெற்றோர் சிரமப்பட்டு நம்மைப் படிக்க வைக்கின்றனர். நாளை நேர்முகத் தேர்விலும் அது தேவை. ஆனால், சிரிப்பு எவருக்கும் உச்சரிப்பைக் கற்றுத்தராது, வாயைத்தான் மூடும். புதிய சொல் வரும்போது எந்த அசையில் அழுத்தம் என்று அகராதியில் பார்ப்போம். மேசையில் தாளம் தட்டிச் சொல்லிப் பழகுவோம்.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போது மதிய இடைவேளையில் இருவரும் சேர்ந்து வாசிக்கிறோம். அவள் மீண்டும் வகுப்பில் எழுந்து வாசிக்கும் நாளில், நாம் பொறுமையுடன் செவிகொடுப்போமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி