கம்பி ஏன் காலனிக்குள் வரவில்லை?

எங்கள் படிப்பகத்துக்கு ஐந்து டேப்லெட் வந்து எட்டு மாதம் ஆகிறது. அரசு கொடுத்ததல்ல. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் எங்கள் தம்பிகளும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் எங்கள் தங்கைகளும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிக் கொடுத்தது. ஒன்றின் விலை 7,500 ரூபாய். இந்த எட்டு மாதத்தில் அந்த ஐந்தும் ஒரே நேரத்தில் இணையத்தோடு ஒழுங்காக ஓடிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதைக் கேட்பவர்கள் உடனே, “மலிவான சாமான் அப்படித்தான் இருக்கும்” என்கிறார்கள். மலிவு ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அதுவல்ல.

நாங்கள் இருப்பது தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். ஊர் சாலைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். படிப்பகத்துக்கு ஃபைபர் இணைப்பு வேண்டும் என்று கேபிள்காரரிடம் போனோம். எங்களில் மூத்தவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவர் “அண்ணா” என்று அழைத்துப் பேசியவருக்கு முப்பது இருக்கும். வந்த பதில் இது: “அந்தப் பக்கம் லைன் இல்லப்பா. கம்பம் கிடையாது. இழுத்துக் கொடுத்தாலும் மாசா மாசம் உங்ககிட்ட வசூல் ஆகாது.”

திரும்பி வந்து எண்ணிப் பார்த்தோம். எங்கள் தெருவில் மின்கம்பம் பதினொன்று இருக்கிறது. அவருடைய டிவி கேபிளே அந்தக் கம்பங்கள் வழியாகத்தான் எங்கள் வீடுகளுக்கு வருகிறது. சாலையில் இருக்கும் ஃபைபர் பெட்டியிலிருந்து படிப்பகம் வரை கொத்தனார் டேப் வைத்து அளந்தோம். 280 மீட்டர். அதே பெட்டியிலிருந்து எதிர்ப்பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்குக் கம்பி போகிறது. தூரம் 700 மீட்டருக்குக் குறையாது. அங்கே இருப்பது ஒரே ஒரு வீடு. எங்கள் தெருவில் அறுபது.

“வசூல் ஆகாது” என்ற சொல்லையும் விட முடியவில்லை. குழுக் கடனுக்கு வாரத் தவணையை ஒரு நாள் பிந்தாமல் கட்டும் பெண்கள் வாழும் தெரு இது. ஒருத்தி கட்ட முடியாத வாரத்தில் மற்ற ஒன்பது பேர் சேர்ந்து கட்டுவார்கள். கடன் கொடுக்கும் கம்பெனிக்கு எங்கள் வீட்டு வாசல் தெரிகிறது. இணைப்புக் கொடுக்க வேண்டியவருக்கு மட்டும் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 6: தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவருக்குப் பொருளை விற்க மறுத்தாலும், சேவை செய்ய மறுத்தாலும் அது குற்றம். ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை. “நான் சாதி பார்த்துச் சொல்லவில்லையே, கம்பம் இல்லை என்றுதானே சொன்னேன்” என்று யாரும் சொல்லலாம். அதற்குத்தான் பிரிவு 12 இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்தவருடையது. நம் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பிரிவு தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

நாங்கள் புகார் எழுதி வைத்திருக்கிறோம். கொடுக்கவில்லை. கொடுத்தால் அறுபது வீட்டு டிவி கேபிளும் ஒரே நாளில் நின்றுபோகும் என்று தெருவில் பயம் இருக்கிறது. அந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்ய மாட்டோம். அதுவும் இந்தக் கணக்கில் ஒரு பகுதி.

சரி, டேப்லெட்டுக்கு வருவோம். வாங்கும்போது நாங்களும் ஒரு தவறு செய்தோம். சிம் போடும் மாடலுக்கும் வைஃபை மட்டும் உள்ள மாடலுக்கும் 1,500 ரூபாய் வித்தியாசம். மிச்சம் பிடிக்கிறோம் என்று வைஃபை மாடலை வாங்கினோம். வீட்டில் வைஃபை இருப்பவனுக்காகச் செய்த பொருள் அது என்று கொண்டுவந்து வைத்த பிறகுதான் உறைத்தது. வைஃபை இல்லாத தெருவில் அது வெறும் சிலேட்டு. யாராவது ஒரு அக்கா தன் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தால் உயிர் வரும். அவர் சமைக்கப் போனால் அணைந்துவிடும்.

ஒரு போனுக்கு மாத ரீசார்ஜ் 300 ரூபாய்க்கு மேல். 2025 ஏப்ரலில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஆக, வீட்டில் ஒரு போன் உயிரோடு இருக்க மாதத்தில் ஒரு நாள் வெயிலில் மண் வெட்ட வேண்டும். மூன்று போன் என்றால் மூன்று நாள். ஒரு ஃபைபர் இணைப்பு வந்தால் ஐந்தாறு வீடு பங்கு போட்டுக்கொள்ளலாம். வசதி உள்ளவனுக்கு டேட்டா மலிவாகவும் இல்லாதவனுக்கு விலை கூடுதலாகவும் இருப்பது இப்படித்தான்.

கடைசியில் சிம் போடும் ரவுட்டர் ஒன்று வாங்கினோம். அதை வைத்துப் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறோம், மற்ற படிப்பகங்களுக்கு உதவும். ரவுட்டர் இரண்டு பெயர் காட்டும். ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். எங்கள் டேப்லெட்டில் அந்தப் பெயர் வரவே இல்லை. பிள்ளைகள் ரவுட்டர் கெட்டுவிட்டது என்று அழாத குறை. அது சிம்மில் வரும் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. விலை குறைந்த டேப்லெட் பலவற்றில் 2.4 மட்டும்தான் இருக்கும். அதற்காக வருந்த வேண்டாம். 2.4 வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டும், தூரம் போகும். தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும். அதனால் தொகுப்பு வீட்டின் மாடி ஜன்னலில் ரவுட்டரை வைத்தோம். கரண்ட் போனால் அணையாமல் இருக்க 12 வோல்ட் பேட்டரிப் பெட்டி ஒன்று வேண்டும். ரவுட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் மாலை ஆறு மணிக்கு மேல் டவரில் கூட்டம் சேர்ந்து எல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆறு மணிக்குத்தான் எங்கள் பிள்ளைகள் படிக்க வருவார்கள்.

32 ஜிபி என்று போட்ட டேப்லெட்டில் பாதியை அதுவே எடுத்துக்கொள்கிறது. கல்வி உதவித்தொகைத் தளத்தைத் திறந்தால் திணறுகிறது. எப்படியோ திறந்து விவரம் எல்லாம் நிரப்பினால் ஓடிபி பெங்களூரில் சாரத்தின் மேல் நிற்கும் அப்பாவின் போனுக்குப் போகிறது. அவர் சிமெண்ட் கையைத் துடைத்துவிட்டு எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து.

ஏழை மாணவருக்கு மலிவு டேப்லெட் என்ற பேச்சு இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 2011 அக்டோபர் 5 அன்று ஒன்றிய அரசு ‘ஆகாஷ்’ டேப்லெட்டை அறிமுகம் செய்தது. உலகிலேயே மலிவானது என்று பெருமையடித்தார்கள். உள்ளே இருந்தது 256 எம்பி ராம், அழுத்தினால் மட்டும் அசையும் திரை. எவ்வளவு மலிவு என்றுதான் பேசினார்களே தவிர, வாங்கும் பிள்ளையின் தெருவில் இணையம் இருக்கிறதா என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. 2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் கருவி பிள்ளையின் பையில் வீட்டுக்கு வந்துவிடும். இணைப்பு எதில் வரும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரவுட்டரை மாட்டிய அன்று ஒரு டேப்லெட்டில் வைஃபை பட்டியலைத் திறந்தோம். சாலைக்கு அந்தப் பக்கத்து வீடுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. சில வீட்டுப் பெயர்கள், ஒன்றிரண்டு குலதெய்வங்கள். மூன்றில் சாதிப் பெயர், கூடவே சிங்கம், புலி. ஏழாம் வகுப்புப் படிக்கும் பாப்பா ஒருத்தி அதைச் சத்தமாகப் படித்தாள். பிறகு சத்தம் வரவில்லை.

நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்றது. கையில் கட்டும் கயிற்றை வாத்தியார் அறுக்கலாம். வைஃபைக்குக் கட்டிய கயிற்றை யார் அறுப்பது?

எங்கள் வைஃபைக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டதும் பிள்ளைகள் ஒரே குரலில் ‘ஜெய்பீம்’ என்றார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் குறுக்கிட்டார்: “பேரு வேணாம் சாமி. பஸ் ஸ்டாப்புல நிக்கிறவன் போன்லயும் அது தெரியுமாமே.” யாரும் சிரிக்கவில்லை. காரணம் இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். 2012 நவம்பர் 7. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்கு வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளையும் கொளுத்தினார்கள். 250க்கும் மேற்பட்ட வீடுகள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்து வாங்கிய டிவி, பீரோ, பைக் எல்லாம் எரிந்தன. பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. எங்கள் வீட்டில் நல்ல பொருள் ஒன்று இருப்பதே சிலர் கண்ணை உறுத்தும் மாவட்டம் இது.

அன்று இரவு வெகுநேரம் பேசினோம். ஆயா சொன்னதில் நியாயம் இருந்தது. பிள்ளைகள் சொன்னதிலும் இருந்தது. கடைசியில் முடிவு செய்தது ஒரு பழைய மாணவி, நர்சிங் படிக்கிறவள். “எரிஞ்சது காகிதம் ஆயா. இப்போ எல்லா சர்டிபிகேட்டும் டிஜிலாக்கர்ல வெச்சிருக்கோம். அதுக்குத்தானே இந்த வைஃபை” என்றாள். பெயர் ‘ஜெய்பீம் படிப்பகம்’ என்றே வைத்தோம். பஸ் ஸ்டாப்பில் தெரிகிறது. ஆயா இன்னும் எங்களோடு சரியாகப் பேசவில்லை.

இதுவரை சொன்னது எங்கள் பாடு. அரசு செய்ய வேண்டியது என்ன? பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி என்கிறார்கள். கணக்கு ஊராட்சி அளவில் நிற்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பெட்டி மாட்டிவிட்டால் அந்த ஊராட்சி ‘இணைக்கப்பட்டது’ ஆகிவிடும். அந்த அலுவலகம் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கிறது. எங்கள் பெண் பிள்ளைகள் இரவு ஏழு மணிக்கு அதன் திண்ணையில் டேப்லெட்டோடு உட்கார முடியுமா? குடிநீர்க் குழாயிலும் தெருவிளக்கிலும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். ஊருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்ததாக எழுதிக்கொள்வார்கள்.

கேட்பது சலுகை அல்ல. கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையம் பெறும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்றது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையைச் சொல்லும் பிரிவு 21க்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய நாள்தான் தமிழ்நாடு முதலமைச்சர், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல்லை எடுத்துவிட்டீர்கள், கம்பியையும் உள்ளே கொண்டுவாருங்கள்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான வளர்ச்சி செயல் திட்டத்துக்கு 2024இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நம் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்கென்று அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஐந்து ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய்த் திட்டம் இருக்கிறது. அந்த அடிப்படை வசதிப் பட்டியலில் சாலை, விளக்கு, குடிநீரோடு ஃபைபர் இணைப்பையும் சேர்க்க வேண்டும். ஊராட்சிவாரியாக அல்ல, குடியிருப்புவாரியாகக் கணக்கெடுத்து எங்கே கம்பி வந்தது, எங்கே நின்றது என்று வெளியிட வேண்டும். மின்கம்பத்தில் கேபிள் கட்ட அனுமதி வாங்குகிறவர், அந்தக் கம்பம் போகும் எல்லாத் தெருவுக்கும் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டும். மாணவருக்குக் கொடுக்கும் டேப்லெட் சிம் போடும் வகையாக இருக்க வேண்டும்.

வரும் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் இதை மனுவாகக் கொடுக்கிறோம். 280 மீட்டர், 700 மீட்டர், பதினொரு கம்பம், எல்லாம் படத்தோடு இருக்கிறது. படங்களைப் பிள்ளைகள் டேப்லெட்டில்தான் எடுத்தார்கள். உங்கள் தெருவிலும் டேப் எடுத்து அளந்து பாருங்கள். பெட்டி எங்கே இருக்கிறது, கம்பி எந்தக் கம்பத்தோடு நிற்கிறது என்று எழுதி அனுப்புங்கள். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம், பாலக்கோடு என்று நாலு பக்கமிருந்தும் அளவுகள் வந்தால், “அந்தப் பக்கம் லைன் இல்லப்பா” என்ற பதில் எத்தனை தெருக்களுக்குச் சொல்லப்பட்டது என்பது தெரிந்துவிடும். அன்றைக்கு அந்தப் புகாரையும் கொடுப்போம்.

ஜெய்பீம்.