எனக்கு இது வேணும்: ஜேர்மன் மொழியில் விருப்பத்தைச் சொல்லுதல்



ஒலுவில், பாலமுனைப் பக்கத்திலிருந்து வெளிநாடு போன பெண்களில் அதிகமானோர் மத்திய கிழக்கிற்கே போனார்கள். சொல்லும் வேலையை விளங்கிக்கொள்ளுமளவு அறபு தெரிந்தால் போதும் என்றுதான் அனுப்பினார்கள். கணவரோடு வாழ ஜேர்மனி போகும் பெண்ணின் நிலை வேறு. 2007 ஆகஸ்டிலிருந்து பெரும்பாலானோர் விசாவுக்கு முன்பே ஏ1 தரச் சான்றிதழ் காட்ட வேண்டும். போன பிறகு ஒருங்கிணைப்பு வகுப்பில் பொதுவாக 600 பாடவேளை மொழி படித்து, பி1 என்ற இடைத்தரத்தை எட்ட வேண்டும். விருப்பத்தை நயமாகச் சொல்லும் வாக்கியங்கள் அந்த வகுப்பில்தான் நன்றாகப் பழக்கமாகின்றன.

"எனக்கு வேணும்" என்பதற்கு நேர்ச் சொல் "இஷ் வில்". கடையிலோ கந்தோரிலோ இது முகத்திலடித்தது போல் கேட்கும். அங்கே "இஷ் மொஷ்டெ" என்பார்கள். 'ஒ' சொல்ல உதட்டைக் குவித்து 'எ' என்று சொல்லிப் பாருங்கள், அந்த ஒலி வரும். ஒரு பொருளைக் கேட்க "இஷ் ஹெட்டெ கெர்ன்", ஒன்றைச் செய்ய விரும்பினால் "இஷ் வுர்டெ கெர்ன்".

செய்யும் வினை கடைசியில் வரும். தமிழருக்கு இது புதிதல்ல. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "இஷ் மொஷ்டெ மிட் டேர் எர்ஸ்டின் அலைன் ஷ்ப்ரெஷன்." பெண் வைத்தியரோடு தனியாகப் பேச விரும்புகிறேன். 'ஷ்ப்ரெஷன்' என்றால் பேசுதல். அது கடைசியில் நிற்கிறது. இதை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள் என்பேன். கணவரோ மாமியோ பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தால், உடம்பில் உள்ள நோவையும் மனதில் உள்ள பயத்தையும் எத்தனை பேரால் சொல்ல முடியும்? உரைபெயர்க்க ஒரு பெண் வேண்டுமென்றால், "இஷ் ஹெட்டெ கெர்ன் ஐனெ டொல்மெட்ஷரின்."

நடக்காத ஆசைக்கும் ஒரு வடிவம் உண்டு. 'வென்' என்று தொடங்கி, 'வேரெ' (இருந்தால்) அல்லது 'ஹெட்டெ' (என்னிடம் இருந்தால்) என்று முடியும். ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. பிறகு அதன் வாயில் மணல் சேர்ந்து படகுகள் போய்வரக் கஷ்டப்பட்டன. அந்த ஆதங்கத்தை ஜேர்மன் மொழியில் சொன்னால்: "வென் நூர் கைன் ஸண்ட் இம் ஹாஃபன் வேரெ!" துறைமுகத்தில் மணல் இல்லாமல் இருந்தால்! நமது "இருந்தால்" போலவே 'வேரெ'யும் கடைசியில் நிற்பதைக் கவனியுங்கள். 'நூர்' என்ற சொல்தான் அந்தப் பெருமூச்சு.

யுத்த காலத்தில் நாம் அதிகம் பழகிய வாக்கியம் "எனக்கு ஒண்டும் வேணாம்" என்பது. முகாமில் வரிசையில் நின்றபோதும், பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தபோதும் அதைத்தான் சொன்னோம். அதனாலோ என்னவோ, இலக்கணம் சரியாகத் தெரிந்த பெண்ணும் "உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று ஆசிரியை கேட்டால் கணவரின் விருப்பத்தையே சொல்கிறாள்.

நயமாகப் பேசக்கூடாத இடமும் உண்டு. விளங்காத கடதாசியில் கையெழுத்திடச் சொல்லி யாராவது நெருக்கினால் 'மொஷ்டெ' தேவையில்லை. "இஷ் வில் டாஸ் நிஷ்ட்", எனக்கு இது வேணாம், என்று சொல்லிவிட்டுப் பேனாவை மேசையில் வைத்துவிடுங்கள்.

அடுத்த மாதத்திற்குள் 'இஷ் வுர்டெ கெர்ன்' என்று தொடங்கி ஐந்து வாக்கியம் எழுதுங்கள். பிள்ளைகளுக்காக அல்ல, உங்களுக்காக.