பட்டணம் பார்க்க வருகிறீர்களா? தாம்பரத்தில் இறங்குங்கள்!

கோடை விடுமுறை வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். "அப்பா, பட்டணத்துக்கு எப்போது போகிறோம்?"

அப்பா கணக்குப் பார்ப்பார். அம்மா சேர்த்து வைத்ததை எடுப்பார். மூன்று நாள் லீவு. மூட்டை முடிச்சுடன் ரெயில் ஏறுவார்கள்.

மூன்று நாளில் என்னென்ன பார்க்கிறார்கள்? மெரினா, மிருகக்காட்சி சாலை, மியூசியம், பாம்புப் பண்ணை, மகாபலிபுரம், தியாகராய நகர் கடைகள், இரண்டு கோவில், ஒரு சினிமா. எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று பெயர். ஊருக்குத் திரும்பியதும் பையனைக் கேட்டுப் பாருங்கள். "என்னடா பார்த்தாய்?" என்றால், "ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்" என்பான். சின்னவளுக்குக் காய்ச்சல். அம்மாவுக்கு இடுப்பு வலி. பணம் போன இடம் தெரியவில்லை.

ஒரு வருடச் சேமிப்பு இப்படிப் போகலாமா? கூடாது என்பதே என் கட்சி.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். தங்குவதும் பட்டணத்தின் நடுவில் வேண்டாம். தாம்பரத்திலோ அதைச் சுற்றியோ தங்குங்கள். பார்க்க வேண்டியதில் பாதி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது!

மின்சார ரெயில்

தென் மாவட்டங்களிலிருந்து வரும் ரெயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நின்றுதான் போகின்றன. பஸ்சில் வருகிறவர்களுக்கும் அப்படியே. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. அதன் பிறகு தெற்கே இருந்து வரும் அரசு பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து தாம்பரத்துக்கு டவுன் பஸ் உண்டு. அப்படியிருக்க, பட்டணத்துக்குள் நுழைந்து, ஆட்டோவுக்குப் பேரம் பேசி, லாட்ஜ் தேடி அலைவானேன்?

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரெயில் ஓடுகிறது. 1931-ல் ஓடத் தொடங்கிய ரெயில் இது. அப்போது சிறிய தண்டவாளம். 2004-ல் அது போய், முழுவதும் அகலத் தண்டவாளம் ஆகிவிட்டது. சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்துக்கு 10 ரூபாய்தான் கட்டணம். 2025-ல் குளுகுளு வசதி செய்த வண்டியும் விட்டார்கள். அதற்குக் கட்டணம் அதிகம்.

கிராமத்துப் பிள்ளைக்கு இந்த ரெயிலே ஒரு வேடிக்கை. ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்து ஸ்டேஷன் பெயர்களைப் படிக்கச் சொல்லுங்கள். தாம்பரத்துக்கு அடுத்தது தாம்பரம் சானடோரியம். "சானடோரியம் என்றால் என்ன அப்பா?" என்று கேட்பான். காசநோய்க்காரர்களைத் தங்க வைத்து வைத்தியம் செய்யும் இடம் என்று சொல்லுங்கள். 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் அதைத் தொடங்கினார். அடுத்தது குரோம்பேட்டை. அங்கே குரோம் தோல் தொழிற்சாலை இருந்தது. அதனால் வந்த பெயர் அது. திரிசூலம் வந்தால் எதிரே விமான நிலையம். தலைக்கு மேலே விமானம் இறங்குவதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அதற்கு டிக்கெட் கிடையாது!

நடுவில் வரும் பல்லாவரத்தை விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் அது. 1863-ம் ஆண்டு மே மாதம், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியல் அறிஞர் அங்கே ஒரு கல்லை எடுத்தார். சாதாரணக் கல் அல்ல. ஆதி மனிதன் கையால் செதுக்கிய கற்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதை உலகத்துக்குக் காட்டிய கல் அது. ஃபூட் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சேர்த்த கருவிகள் 1904-ல் எழும்பூர் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. முதல் நாள் ரெயிலில் பல்லாவரத்தைக் காட்டிக் கதையைச் சொல்லிவிடுங்கள். மறுநாள் மியூசியத்துக்குக் கூட்டிப் போங்கள். "அந்தக் கல் எங்கே?" என்று பிள்ளையே தேடுவான். கதை தெரியாமல் போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதோ கல் என்று தாண்டிப் போய்விடுவான்.

நேரே எதிரே வண்டலூர்

பிள்ளைகள் முதலில் கேட்பது மிருகக்காட்சி சாலை. ஒரு காலத்தில் அது பட்டணத்துக்குள்ளே, மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. 1855-ல் தொடங்கியது. இடம் போதாமல் 1985-ல் வண்டலூருக்குக் கொண்டு வந்தார்கள். இப்போது 602 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,500 ஏக்கர். தாம்பரத்திலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் வண்டலூர்.

இவ்வளவு பெரிய இடத்தை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு, "சரி, அடுத்து மெரினா" என்று கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது என்ன ஓட்டப் பந்தயமா? யானை குளிப்பதைப் பிள்ளை அரை மணி நேரம் பார்க்க விரும்பினால் பார்க்கட்டுமே! புலி கண்ணில் படாவிட்டால் என்ன, குரங்கு பார்த்தது போதாதா?

காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். உச்சி வெயிலில் மிருகங்கள் நிழல் தேடிப் படுத்துவிடும். மிருகத்துக்கு இருக்கும் அறிவு நமக்கும் வேண்டாமா? பகல் 12 மணிக்கு நாமும் வீடு திரும்பிவிட வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் பிள்ளைகளை நடுப்பகலில் அலைய விடுவது பெரிய தவறு. மாலை 4 மணிக்கு மேல் வேண்டுமானால் பக்கத்தில் எங்காவது போய் வரலாம்.

கிழமையையும் பாருங்கள். வண்டலூருக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. கிண்டி பாம்புப் பண்ணைக்கும் செவ்வாய்தான். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை. இது தெரியாமல் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் எத்தனையோ! வேடந்தாங்கலுக்கு மே மாதத்தில் போவதும் வீண். அங்கே பறவைக் கூட்டம் நவம்பர் முதல் மார்ச் வரைதான்.

சித்தி வீட்டில் தங்கலாமா?

இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தாம்பரத்திலோ, சேலையூரிலோ, பம்மலிலோ சித்தி வீடு இருக்கும். "ஏன் லாட்ஜுக்குப் போக வேண்டும்? சித்தி வீடு இருக்கிறதே!" என்பார் அப்பா. சித்தியும் "வாருங்கள், வாருங்கள்" என்றுதான் சொல்வாள். வேறு என்ன சொல்வாள்?

இரண்டு அறை வீடு. சித்திக்கு இரண்டு பிள்ளைகள். இவர்கள் ஐந்து பேர். மே மாதம். கிணற்றில் தண்ணீர் வற்றியிருக்கும். லாரித் தண்ணீருக்குக் காசு. சித்தி காலை 4 மணிக்கு எழுந்து ஒன்பது பேருக்கு இட்லி வார்க்க வேண்டும். அவளும் வேலைக்குப் போகிறவளாக இருந்தால்? விருந்தாளிகள் ஊர் சுற்றிவிட்டு வருவார்கள். அவள் சாதம் வடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மூன்று நாளுக்கு மேல் தங்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே போன் செய்து, "அண்ணி, உங்களுக்கு வசதிப்படுமா?" என்று சித்தியிடம் உங்கள் மனைவி கேட்க வேண்டாம், நீங்களே உங்கள் தம்பியிடம் கேளுங்கள். அவன் மனைவியைக் கலந்துகொண்டு பதில் சொல்லட்டும். போகும்போது ஊரிலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டுபோங்கள். பகல் சாப்பாட்டை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளாவது சித்தியையும் அவள் பிள்ளைகளையும் உங்களோடு அழைத்துப் போங்கள். தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தும் பரங்கிமலை ஏறாத பிள்ளைகள் ஏராளம். ஊட்டிக்குப் போய் வந்திருப்பார்கள்!

பரங்கிமலை பெரிய மலை அல்ல. சுமார் 300 அடி. படிகள் இருக்கின்றன. மேலே பழைய மாதா கோவில். அங்கிருந்து விமான நிலையம் முழுவதும் தெரியும். 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேயத் தளபதி இந்த மலையடியில்தான் நாட்டை அளக்கும் வேலையைத் தொடங்கினார். சங்கிலி போட்டு அளந்தார்கள். அந்த அளவை வடக்கே போய்க்கொண்டே இருந்தது. பல ஆண்டுகள் கழித்து, உலகிலேயே உயர்ந்த சிகரம் எவரெஸ்ட் என்று கண்டுபிடித்ததும் அதே அளவைதான். பூகோளப் பாடத்தில் பெயில் ஆகிற பிள்ளைகூட மலை உச்சியில் நின்று கேட்டால் இதை மறக்காது.

பிள்ளைகளுக்கும் வேலை கொடுங்கள்

எங்கே போவது என்பதைப் பெரியவர்களே முடிவு செய்துவிடுகிறோம். பிள்ளைகளைக் கேட்பதில்லை. ஒரு நாளையாவது அவர்கள் முடிவு செய்யட்டும். பெரியவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துச் செலவுக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். பஸ்சுக்கு எவ்வளவு, இளநீருக்கு எவ்வளவு என்று எழுதும் பிள்ளை, பொம்மைக் கடையில் அடம் பிடிக்காது. மகளிடம் ரெயில் ஸ்டேஷன்களின் வரிசையைக் கொடுத்து, எங்கே இறங்க வேண்டும் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.

வெயில் தாங்கவில்லை என்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010-ல் திறந்தது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி. நடுவிலே ஒரு பெரிய செயற்கை மரம். உள்ளே குளுகுளு வசதி. பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாம். பெரியவர்கள் காலை நீட்டிக் கொஞ்சம் இளைப்பாறலாம்.

மெரினாவுக்கு மாலையில் போங்கள். கரையில் விளையாடலாம், கடலில் குளிக்கக் கூடாது. அங்கே நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். நீச்சல் தெரிந்த வாலிபர்களே மாண்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதிப் போட்டு வையுங்கள். தொலைந்துபோனால் போலீஸ்காரரிடம் போய் நிற்கும்படி சொல்லிக் கொடுங்கள். போலீசுக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098.

மகாபலிபுரம்? அது அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும். கல் எங்கும் ஓடிப் போகாது.

ரெயில் டிக்கெட்டை மட்டும் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னால்தான் முன்பதிவு தொடங்குகிறது. கோடைக்கால டிக்கெட் தொடங்கிய அன்றே தீர்ந்துவிடும். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே யோசியுங்கள்.

திரும்புகிற நாள் பகலில் எங்கும் போக வேண்டாம். பிள்ளைகள் தூங்கட்டும். தாம்பரத்தில் ரெயில் சில நிமிஷங்கள்தான் நிற்கும். அரை மணி நேரம் முன்னதாகவே போய், உங்கள் பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குடத்தையும் முறுக்குப் பொட்டலத்தையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா இந்தத் தடவை வெறுங்கையோடு ஏறட்டும்.