படவில்லையில் எழுத்தின் பொறுப்பு
ஓசூர்ச் சாலையை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டையைப் போல, கன்னடம், தமிழ், இந்தி பேசுவோர் சேர்ந்து உழைக்கும் இடங்களில், பாதுகாப்புப் பயிற்சிக்கான படவில்லை, அதாவது திரையில் ஒவ்வொன்றாகக் காட்டப்படும் கணினிப் பக்கம், அழகுக்கு முன் படிப்பவரின் கண்ணை எண்ணி அமைக்கப்பட வேண்டும். எழுத்தை வளைத்தும் நிழலிட்டும் காட்டும் வேர்ட்ஆர்ட் அலங்காரம் தமிழ் மெய்யின் புள்ளியை மங்கச் செய்கிறது. வரியிடைவெளியைச் சுருக்கினால், கன்னடத்தில் எழுத்தின் அடியில் வரும் ஒத்தக்ஷரம் கீழ்வரியோடு மோதுகிறது. எழுத்திடைவெளியைக் கூட்டினால் ‘கொ’வின் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகிப்போகின்றன. இவற்றை வெறும் ரசனைக் குறைகளாகக் கருதுவது தவறு. இயந்திரத்தின் முன் நிற்பவருக்குரிய எச்சரிக்கை, அவர் தாய்மொழியில், தடித்த நேரெழுத்தில், முதல் வரியிலேயே இருப்பது அவருடைய உரிமை. இதற்கு நேர்மாறான நிலைக்கு ஒரு சான்று உண்டு: 2003-இல் சிதைந்த கொலம்பியா விண்ணோடம் பற்றிய விசாரணை அறிக்கை, இறக்கையில் மோதிய நுரைத்துண்டு சோதனைகளில் பயன்பட்டவற்றைவிடப் பன்மடங்கு பெரியது என்ற செய்தி, ஒரு பவர்பாயிண்ட் படவில்லையின் கடைசி வரிகளில், சிற்றெழுத்தில், உட்தலைப்புகளுக்கு அடியில் புதைந்துகிடந்ததை எடுத்துக்காட்டியது.